பட்டறையில் வளர்ந்த குளிர்

பழைய ஜீப், லேண்ட் ரோவர், டொயோட்டா லேண்ட் க்ரூஸர், ஃபோர்டு பிரான்கோ போன்ற கரடுமுரடான வண்டிகளை வாங்கிச் சீரமைத்து ஓட்டுபவர்களிடையே நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. அந்த வண்டிகளுக்கு ஏசி பொருத்தலாமா, கூடாதா? கூடாது என்பவர்கள் உறுதியாகப் பேசுகிறார்கள். தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று வண்டி எப்படி இருந்ததோ அதுவே அதன் மெய்யான உருவம், ஏசி பின்னாளில் வெளியிலிருந்து ஒட்டப்பட்ட சொகுசு என்பது அவர்கள் கட்சி. பொருத்துபவர்களும் இதை எதிர்த்து வாதாடுவதில்லை. வெயில் தாங்கவில்லை, வீட்டில் உள்ளவர்கள் ஏற மறுக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லி, செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர்களைப் போலத் தயங்குகிறார்கள். இரு தரப்பாரும் ஒரே வரலாற்றுப் பிழையின் மேல் நின்று பேசுகிறார்கள் என்பது என் வாதம். கார் ஏசியைச் சாமானிய வண்டிகளுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு தொழிற்சாலைக்கு வெளியே இருந்த பட்டறைகளுடையது. இத்தகைய வண்டிகளுக்கோ, பல பத்தாண்டுகள் வரை ஏசி பெரும்பாலும் கிடைத்த வழி அந்தப் பட்டறையும் டீலரும்தான். ஆகவே வெளியிலிருந்து பொருத்திய ஏசியை அந்த வண்டிகளின் வரலாற்றில் ஒரு அத்தியாயமாகவே படிக்க வேண்டும்.

வண்டிக்குள் குளிர் வந்த கதையின் முதல் பக்கமே வெளியில் பொருத்திய வேலையோடு தொடங்குகிறது. 1930-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனைச் சேர்ந்த செல்வந்தர் ஒருவரின் கேடிலாக் காரில், கெல்வினேட்டர் நிறுவனத்தின் குளிர்ப்பெட்டி ஒன்றைப் பின்புறம் ஏற்றினார்கள். அதை இயக்குவதற்கென்றே ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட தனிப் பெட்ரோல் எஞ்சினையும் வைத்தார்கள். தொழிற்சாலைகளில் முதலில் துணிந்தது பேக்கார்டு. 1939 இறுதியில் சிகாகோ கண்காட்சியில் தன் 1940-ஆம் ஆண்டு மாடலுக்கு ஏசியை அறிவித்தது. விலை 274 டாலர். அந்த நிறுவனத்தின் மலிவான காரே 900 டாலருக்குள் கிடைத்த காலம் அது. கூலிங் காயில் டிக்கியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது. கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். 1941-க்குப் பின் பேக்கார்டு அதைக் கைவிட்டது. கேடிலாக்கும் 1941-இல் சில நூறு கார்களுக்கு மட்டும் பொருத்திப் பார்த்தது. அதற்குள் போர் வந்துவிட்டது. தொழிற்சாலையின் முதல் முயற்சி இவ்வளவுதான்: பணக்காரர்களுக்கான காரில், அணைக்கத் தெரியாத ஒரு குளிர்.

அந்தக் காலத்துச் சாமானியர் வெயிலுக்குக் கைக்கொண்ட உபாயம் வேறு. பயணி பக்கத்துக் கண்ணாடியில் உருளை வடிவத் தகரக் கூலர் ஒன்றை மாட்டி, அதில் தண்ணீர் ஊற்றுவார்கள். வண்டி ஓடும்போது உள்ளே புகும் காற்று ஈரப் பட்டையின் ஊடாக வந்து குளிரும். அரிசோனா, நியூ மெக்சிகோ பாலைச் சாலைகளில் இது நன்றாகவே வேலை செய்தது. தெர்மடார் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்து விற்றன. ஆனால் தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் காற்று காய்ந்திருக்க வேண்டும். வேலூர்க் கோடையில் சுகம் தரும் ஏர் கூலர் சென்னையில் புழுக்கத்தைக் கூட்டுவதற்கு என்ன காரணமோ, அதே காரணத்தால் ஹூஸ்டனிலும் அந்தத் தகரக் கூலர் பயன்படவில்லை. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று டெக்சஸின் கிழக்குப் பாதியை மூடிக் கிடக்கிறது. அங்கே குளிர் வேண்டுமென்றால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் பிழிந்தெடுக்கும் இயந்திரம்தான் வேண்டும். வெயில், ஈரம், ஊருக்கும் ஊருக்கும் நடுவே நெடுந்தூரம், எண்ணெய்க் கிணறுகள் தந்த பணம் ஆகிய நான்கும் ஒரே மாநிலத்தில் சேர்ந்திருந்தன. கார்களை வரைந்தவர்களோ பனி பெய்யும் மிச்சிகனில் உட்கார்ந்திருந்தார்கள். தேவை ஓரிடத்தில், கார் உருவாவது வேறிடத்தில் என்றிருந்த இந்த இடைவெளியில்தான் ஒரு தொழில் முளைத்தது.

போருக்குப் பின் டல்லஸ், ஃபோர்ட் வொர்த் வட்டாரத்தில் கார் ஏசி செய்யும் நிறுவனங்கள் வரிசையாகக் கிளம்பின. ஃப்ரிஜிகார், ஏ.ஆர்.ஏ., மார்க் ஃபோர் ஆகிய பெயர்கள் அக்காலத்து டெக்சஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இவற்றுள் மார்க் ஃபோரின் பின்னணி கவனிக்கத்தக்கது. அதைச் செய்த ஜான் ஈ. மிட்செல் நிறுவனம் அடிப்படையில் பருத்தி ஜின்னிங் ஆலைகளுக்கு இயந்திரம் செய்துவந்த நிறுவனம். தகடு வளைப்பதும் காற்றை விசிறியால் தள்ளுவதும் அவர்களுக்குக் கைவந்த வேலை. கன்சாஸில் குளிர்பானக் கடை நடத்திய ஒமார் நெட்லிக் என்பவர், கார் ஏசியின் பாகங்களைக் கொண்டு பானத்தைப் பனிக்கூழாக உறையவைக்கும் யோசனையோடு வந்தபோது, அதை முழு இயந்திரமாக்கி உலகெங்கும் ஐசீ என்ற பெயரில் பரவச் செய்ததும் இதே நிறுவனம்தான். இவர்கள் விற்ற கார் ஏசி மிக எளிமையானது. டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் ஒரு பெட்டி, அதற்குள் கூலிங் காயிலும் விசிறியும். எஞ்சினோடு பிராக்கெட் வைத்து முடுக்கிய கம்ப்ரசர், ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர், இவற்றை இணைக்கும் ரப்பர் ஹோஸ்கள். பெட்டி முன்சீட்டில் இருப்பவரின் முழங்காலில் இடிக்கும். ஆனால் எந்தக் காருக்கும் பொருந்தும், ஒரு நாளில் மாட்டிவிடலாம், அடுத்த காருக்குக் கழற்றிக்கொண்டும் போகலாம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். பேக்கார்டு தொழிற்சாலைதானே? 1953-இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் ஏசியை மீண்டும் கொண்டுவந்தனவே? 1954-இல் நாஷ் அம்பாஸடர், ஹீட்டரையும் ஏசியையும் ஒரே அமைப்பாக்கி, டிக்கியைத் தொடாமல், எல்லாவற்றையும் முன்பக்கத்திலேயே அடக்கி, 345 டாலருக்கு விற்றதே? குளிர்பொருளான ஃப்ரீயானைக்கூட 1930 வாக்கில் உலகுக்கு அறிவித்தது ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவும் அல்லவா? இவை எல்லாமே உண்மை. விஞ்ஞானத்தின் கடன் பெரிய நிறுவனங்களுக்கு உரியது. அதை மறைத்து எழுதும் பட்டறைப் புகழ்ச்சி பொய்யாகிவிடும். ஆனால் கண்டுபிடிப்பு வேறு, பரவல் வேறு. 1953-இன் தொழிற்சாலை ஏசிகள் விலையுயர்ந்த கார்களுக்கு மட்டும் வந்தன. பெரும்பாலும் இயந்திரம் டிக்கியில் இருந்தது; குளிர்ந்த காற்று பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய்களில் ஏறி வந்தது. செவ்ரோலெட்டும் ஃபோர்டும் வைத்திருந்த வியாபாரிக்கும் விவசாயிக்கும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய காருக்கும் குளிரைக் கொண்டுபோனது டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கிய அந்தப் பெட்டிதான். ஏசியை எல்லா விலைக் கார்களிலும் வாங்க மக்கள் காத்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த வியாபாரமே சாட்சியாக நின்றது. 1968-இல்தான் அமெரிக்கன் மோட்டார்ஸ் தன் அம்பாஸடரில் ஏசியைத் தனிக்கட்டணம் இல்லாத நிலையான அம்சமாக்கியது. அதற்குள் டெக்சஸ் பட்டறைகள் ஒரு தலைமுறை வேலை பார்த்திருந்தன.

சாதாரணக் காரின் கதையே இப்படியென்றால், கரடுமுரடான வண்டிகளின் கதையில் பட்டறையின் பங்கு இன்னும் பெரிது. அவற்றைச் செய்தவர்களுக்கு ஏசி நினைப்பே இல்லாததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. 1941-இன் வில்லிஸ் ஜீப்புக்குக் கதவே கிடையாது, மேலே கித்தான். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர், உழவு வேலைக்கும் பண்ணைக்கும் என்று விற்கப்பட்டது, 1.6 லிட்டர் எஞ்சினில் 50 குதிரைத்திறன். 1960 முதல் 1984 வரை வெளிவந்த டொயோட்டாவின் லேண்ட் க்ரூஸர் எஃப்ஜே40-இலும் 1966 முதல் 1977 வரை வந்த முதல் தலைமுறை பிரான்கோவிலும் மேற்கூரையைக் கழற்றிவிடலாம். கழற்றக்கூடிய கூரைக்குக் கீழே குளிரை அடைத்து வைப்பது வடிவமைப்பாளருக்கு முரணாகத் தோன்றியிருக்கும். ஆனால் வெயிலைப் பற்றி அவர்கள் கவலைப்படவே இல்லை என்று சொன்னால் அது தவறு. லேண்ட் ரோவரின் ஸ்டேஷன் வேகனில் கூரைக்கு மேல் இன்னொரு தகட்டை, நடுவில் காற்று ஓட இடைவெளி விட்டு, வேய்ந்தார்கள். மேல்தகடு வெயிலை வாங்கிக்கொள்ளும். கீழ்க்கூரை அதன் நிழலில் கிடக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே திறந்து மூடும் இரண்டு மடல்கள் இருந்தன. அவற்றின் வழியாக ஓடும் வண்டிக்குள் காற்று நேரே வந்து அடிக்கும். ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த வண்டி விற்கப்போகிறது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது. அன்றைய தொழில்நுட்பமும் விலையும் இடம் கொடுத்த எல்லை வரை தொழிற்சாலையே வெப்பத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

அந்த எல்லைக்கு அப்பால் போனது டீலரும் பட்டறையும். முதல் தலைமுறை பிரான்கோவுக்குக் கடைசி வரை தொழிற்சாலையில் ஏசி பொருத்தவில்லை. வேண்டியவர்களுக்கு டீலர்களே மாட்டிக் கொடுத்தார்கள். 1961 முதல் 1965 வரை அமெரிக்காவில் டொயோட்டாவின் மற்ற எல்லா மாடல்களையும்விட அதிகம் விற்றது லேண்ட் க்ரூஸர்தான். அந்த வண்டிகளுக்கும் ஏசி வந்த வழி டீலர் வாசல்தான். பயணி பக்கத்து டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் பெட்டி, டெக்சஸ் பாணியின் நேர் வாரிசு. இந்தத் தொழிலின் வேர் எவ்வளவு தூரம் ஓடியது என்பதைக் கம்ப்ரசரின் கதை காட்டும். தொடக்கத்தில் எங்கும் இருந்தது யார்க் நிறுவனத்தின் இரட்டைச் சிலிண்டர் கம்ப்ரசர். கனமானது, ஓடும்போது எஞ்சினையே அதிரவைக்கும். 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானின் குன்மா மாவட்டத்தைச் சேர்ந்த சாங்க்யோ நிறுவனம், அதே மிட்செல் நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்ப உரிமம் பெற்று, ஐந்து பிஸ்டன்கள் வட்டமாக அமைந்த சிறிய உருளைக் கம்ப்ரசரைச் செய்யத் தொடங்கியது. சாண்டன் என்று பின்னர் பெயர் மாறிய அந்த நிறுவனத்தின் 508 கம்ப்ரசரை உலகின் எந்த ஏசி மெக்கானிக்கும் அறிவார். பருத்தி இயந்திரம் செய்த டல்லஸ் நிறுவனத்தின் யோசனை ஜப்பான் வழியாகப் போய், ஜப்பானிய வண்டியின் எஞ்சினிலேயே ஏறி உட்கார்ந்தது. யார்க்கும் வீணாகவில்லை. அதன் எண்ணெய் அதன் அடிவயிற்றிலேயே தங்குவதால், வெறும் காற்றையும் அது அழுத்தித் தரும். ஜீப் ஓட்டுபவர்கள் அதை மணலில் ஓட்டக் காற்றை இறக்கிய டயருக்குத் திரும்பக் காற்றடிக்கும் கருவியாக்கிக்கொண்டார்கள். ஏசி இந்த வண்டிகளுக்கு அந்நியமென்றால் அதன் உறுப்பு ஒன்று இப்படிக் காட்டு வேலைக்கே பழகிப்போயிருக்காது.

இந்த வேலையின் நுணுக்கத்தைக் கிட்டே நின்று பார்த்தால், இதை ஏன் கைவினை என்று மதிக்க வேண்டும் என்பது விளங்கும். கம்ப்ரசர் புல்லியும் கிராங்க் புல்லியும் ஒரே தளத்தில் சுழல வேண்டும். பிராக்கெட் சற்றே சாய்ந்தாலும் பெல்ட் கத்தும், பிறகு அறும். கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று தன் சூட்டை அதன் மேலேயே வீசுவதால், மெதுவாக மலையேறும் வண்டியில் விசிறியையும் அதைச் சுற்றிய கூண்டையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். ஃபயர்வாலில் ஹோஸ் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் போடாவிட்டால், குலுங்கும் வண்டியில் தகட்டு விளிம்பு ஹோஸைத் தின்றுவிடும். கூலிங் காயிலில் சேரும் தண்ணீர் வடிய ஒரு குழாய் தரைக்கு வெளியே போக வேண்டும். வளைவு தப்பாக அமைந்தால் மேடு ஏறும்போது தண்ணீர் பயணியின் காலடியில் கொட்டும். எல்லாம் பூட்டிய பிறகு, கேஸ் ஏற்றுவதற்கு முன், வேக்கம் பம்ப்பை அரைமணிக்குக் குறையாமல் ஓடவிடுகிறார்கள். அழுத்தம் இறங்க இறங்க, உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். அந்த ஈரம் தங்கிவிட்டால் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசிக்கண் வாயில் பனியாக உறைந்து வழியை அடைக்கும். எந்த வண்டிக்கும் பொருந்தும் பாகங்களை இந்த ஒரு வண்டிக்குப் பொருத்தும் இந்தத் தீர்மானங்களெல்லாம் பெட்டியோடு வரும் தாளில் இருப்பதில்லை. பொருத்துபவரின் கண்ணிலும் கையிலும் இருக்கின்றன. 1976-இல் டெக்சஸின் சான் அன்டோனியோவில் ஜாக் சிசன்ஹால் தொடங்கிய விண்டேஜ் ஏர் நிறுவனம், பழைய வண்டிகளுக்கான ஏசியையே முழுத் தொழிலாக்கிக்கொண்டது. அரை நூற்றாண்டாக அந்தத் துறை உயிரோடு இருப்பதற்கு இந்தக் கைத்திறன்தான் அடித்தளம்.

இனி, அசல் உருவம் என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். அசல் என்பது தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடுகிறது என்று யார் தீர்மானித்தது? பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்க 1964-இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் வெவ்வேறு காலத்தவர் முறையாகச் சேர்த்தவற்றையும் மதிக்க வேண்டும் என்கிறது. சோழர் கட்டிய கோயிலில் நாயக்கர் எழுப்பிய மண்டபத்தை இடித்துத் தள்ளிவிட்டு இதுதான் அசல் என்று யாரும் சொல்வதில்லை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, வெனிஸ் சாசனத்தின் வழியில் டூரின் சாசனத்தை வகுத்தபோது, வண்டி உழைத்த காலத்தில் அதற்கு நேர்ந்த மாற்றங்களையும் அதன் வரலாற்றின் பகுதியாகவே பார்த்தது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 1975-இல் ஹூஸ்டன் டீலர் ஒரு பிரான்கோவில் மாட்டிய ஏசிப் பெட்டி அந்த வண்டியின் மெய்யான சொத்து. அசலுக்கு மீட்கிறேன் என்று அதைக் கழற்றி எறிபவர், அந்த வண்டி எந்த ஊரில், எப்படிப்பட்ட வெயிலில், எவர் கையில் வாழ்ந்தது என்பதற்கான சாட்சியத்தை அழிக்கிறார். பழம்பொருள் மதிப்பு என்ற பெயரால் இந்த அழிவு நடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்தப் பெட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவற்றைச் செய்த நிறுவனங்கள் பலவும் இன்று இல்லை.

அப்படியானால் இன்று புதிதாகப் பொருத்துவதும் அதே மதிப்பைப் பெறுமா? இங்கே ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அன்று மாட்டியது சான்று. இன்று மாட்டுவது மரபின் தொடர்ச்சி. தொடர்ச்சிக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. அசல் டேஷ்போர்டை அறுத்து, புது வண்டியின் காற்றுத்துளைகளைப் பதித்து, பழைய ஹீட்டரைக் குப்பையில் போட்டுச் செய்யும் வேலையை நான் ஆதரிக்க மாட்டேன். டெக்சஸ்காரர்கள் அறுக்கவில்லை, தொங்கவிட்டார்கள். நாலு போல்ட்டைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். திரும்பக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று பாதுகாப்பாளர்கள் இன்று நெறியாகச் சொல்வதை, அவர்கள் விற்பனை வசதிக்காக அன்றே கடைப்பிடித்தார்கள். எஞ்சினைப் பற்றிய ஆட்சேபமும் சில வண்டிகளுக்கு நியாயமானது. வில்லிஸ் ஜீப்பின் 60 குதிரைத்திறனிலிருந்து ஏசி சிலவற்றைப் பிடுங்கிக்கொண்டால் ஏற்றத்தில் அது உடனே தெரியும். 6 வோல்ட் டைனமோவால் விசிறியையும் கிளட்ச்சையும் சேர்த்துத் தாங்கவும் முடியாது. கதவில்லாத அந்த வண்டிக்கு ஏசி வரலாற்றிலும் பொருந்தாது, பொறியியலிலும் பொருந்தாது. ஆனால் 3.9 லிட்டர் ஆறு சிலிண்டர் கொண்ட, மூடிய கூரையுள்ள எஃப்ஜே40-க்கோ, வி8 எஞ்சின் பிரான்கோவுக்கோ இந்த ஆட்சேபம் செல்லாது. கூரைக்கும் தரைக்கும் கியர்பாக்ஸ் மேட்டுக்கும் வெப்பத்தடுப்பு விரிப்பை முதலில் ஒட்டிவிட்டுப் பொருத்தினால் சிறிய ஏசியே போதும். எல்லாப் பழைய வண்டிக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவதுதான் தவறு.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் சுற்றுச்சூழல் சார்ந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் இந்தத் தொழிலைப் புகழ எவருக்கும் உரிமையில்லை. அந்தக் காலத்து ஏசிகளில் ஓடியது ஆர்-12 என்ற ஃப்ரீயான் வகை. அது ஓசோன் படலத்தைத் தின்னும் என்று 1974-இல் ரோலண்டும் மொலினாவும் எச்சரித்தார்கள். கார் ஏசி இதில் மோசமான குற்றவாளி. குலுங்கும் எஞ்சின், கேஸ் மெல்லக் கசியும் ரப்பர் ஹோஸ், ஆண்டுதோறும் லீக்கைத் தேடாமலே கேஸை நிரப்பிக்கொடுக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்து, அந்த வாயுவை வானத்துக்கே அனுப்பின. 1987-இன் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின், அமெரிக்காவில் 1994 வாக்கில் புதிய கார்கள் ஆர்-134ஏ என்ற குளிர்பொருளுக்கு மாறின. 1995 முடிவோடு அங்கே ஆர்-12 உற்பத்தியும் நின்றது. ஓசோனுக்குத் தீங்கு செய்யாத 134ஏ-யும் புவியைச் சூடாக்குவதில் கரியமிலவாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியம் கொண்டது. பட்டறைகள் இந்தப் பழியில் பங்காளிகள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதே வரலாறு பரிகாரத்தையும் காட்டுகிறது. பழைய பெட்டியைக் காப்பாற்றி, அதனுள் கேஸ் ஊடுருவாத உள்ளடுக்கு கொண்ட புது ஹோஸ்களையும், புதிய கேஸுக்கு ஒத்த எண்ணெயையும், ஈரத்தை உறிஞ்சும் புது ட்ரையரையும் போட்டு, லீக் இல்லை என்று கேஜ் வைத்துச் சோதித்த பின்பே நிரப்புகிற மெக்கானிக், முந்தைய தலைமுறையின் அலட்சியத்தைத் திருத்துகிறார். கழற்றும்போது கேஸைக் காற்றில் விடாமல் இயந்திரத்தில் மீட்டெடுப்பது சட்டத்துக்காக மட்டும் செய்யும் காரியமாக இருக்கக்கூடாது. இந்தத் தொழிலின் மானமே அதில் இருக்கிறது.

ஆகவே, ஒரு பழைய லேண்ட் க்ரூஸரின் டேஷ்போர்டுக்குக் கீழே ஏசிப் பெட்டியைக் காணும் சீரமைப்பாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது தொழிற்சாலை போட்டதா என்பதல்ல. எப்போது, எங்கே, எவ்வளவு பொறுப்போடு போட்டார்கள் என்பதே. வண்டியின் உழைப்புக் காலத்தில் மாட்டியதென்றால் அதைத் துடைத்து, எழுதிவைத்து, இடத்திலேயே காக்க வேண்டும். இன்று மாட்டுவதென்றால் அறுக்காமல், கசியவிடாமல், திரும்பக் கழற்றக்கூடியதாக மாட்ட வேண்டும். பழைய வாகனங்களை மதிப்பிடும் போட்டிகளும் சங்கங்களும் டீலர் மாட்டிய ஏசிக்கு மதிப்பெண் குறைப்பதை விட்டுவிட்டு, அதன் ஆதாரங்களைக் கேட்டு மதிப்பெண் கொடுக்கத் தொடங்கினால், குப்பைக்குப் போகும் பல பெட்டிகள் பிழைக்கும். தொழிற்சாலைகளின் வரலாற்றை எழுத விளம்பரத் தாள்களும் ஆவணக் காப்பகங்களும் இருக்கின்றன. பட்டறைகள் விட்டுப்போன ஆவணம் பெரும்பாலும் அவர்கள் மாட்டிய பொருள்தான். அதைக் கழற்றி எறிந்த பிறகு, வெப்ப நாடுகளில் இந்த வண்டிகளை ஓட்டத்தக்கவையாக ஆக்கிய உழைப்பாளிகளைப் பற்றிச் சொல்ல நம்மிடம் எந்தச் சான்றும் மிஞ்சாது.